போகும்போது நான், வரும்போது நீ

அன்னரோஸும் நானும் இருபத்தேழு வருடம் ஒரே பேக்கரியில் நின்றிருக்கிறோம். காலை ஐந்தரைக்குக் கடை திறக்க வேண்டும். அதற்கு முன் சூடான ரொட்டிகளைக் கூடைகளில் அடுக்கிவிட்டு, பின்னறையில் ஆளுக்கொரு காபியோடு ஐந்து நிமிடம் உட்காருவோம். அவள் வாழ்க்கை முழுவதும் எனக்கு அந்த ஐந்தைந்து நிமிடங்களில் வந்து சேர்ந்ததுதான். அவளுடைய கணவன் லோத்தர் என்னோடு பள்ளியில் படித்தவன். அதனால் அவனைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு. இந்தக் கதையில் அதைப் பயன்படுத்திக்கொள்வேன்.

எங்கள் ஊர், முன்பு கிழக்கு ஜெர்மனியாக இருந்த சாக்சனியில், செக் எல்லைக்குப் பக்கத்து மலைச் சரிவில் இருக்கிறது. ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் வளைவுச் சாலை. அன்னரோஸுக்குப் பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் கிடைத்தது. பகலில் காலுறைத் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைகளில் இளைஞர் மோட்டார் சங்கத்தில் பயிற்சி. 1979இல் சங்கம் நடத்திய மலைச்சாலைப் பந்தயத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். லோத்தர் ஏழாவது. பந்தயம் முடிந்ததும் அவன் அவளிடம் போய், "மோசமில்ல" என்றான். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. இரண்டு வருடத்தில் கல்யாணம்.

தேனிலவுக்கு லோத்தரின் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பல்கேரியாவின் கருங்கடல் கரைக்குப் போனார்கள். மேற்குப் பக்கம் சுவர் இருந்த காலம். கடல் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கேதான் போக வேண்டும். இருவருக்கும் ஒரே வண்டி. கிளம்புவதற்கு முன் லோத்தர் சொன்ன ஏற்பாடு இதுதான்: "போகும்போது நான், வரும்போது நீ." அவளும் நியாயம்தானே என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வரும்போது ருமேனியாவில் மழை. ஈரச் சாலையில் வேண்டாம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

அடுத்த தடவை அவள் வயிற்றில் டோரீன் இருந்தாள். அதற்கடுத்த தடவை திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. சுவர் விழுந்த பிறகு பெரிய வண்டியாக ஒன்று வாங்கினார்கள், நீல நிறம். புது வண்டி, பழகட்டும் என்றான். நார்வேயில் காற்று, இத்தாலியில் நெரிசல், ஸ்காட்லாந்தில் இடது பக்கம் ஓட்ட வேண்டிய தொல்லை. காரணம் சொல்வதில் அவனைப் போல உழைப்பாளியை நான் பார்த்ததில்லை. அன்னரோஸ் சண்டைக்காரி அல்ல. தொழிற்சாலையை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது நாங்கள் அழுதோம். அவள் மறுவாரமே பேக்கரியில் வேலை கேட்டு நின்றாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் தன் ஓட்டுநர் உரிமத்தைக் கூடவே எடுத்துப் போவாள். ஒரு தடவைகூட அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனதில்லை.

எனக்குத்தான் வயிறு எரியும். "நீ ஏன் ஒரு தடவை சாவியப் பிடுங்கிக்கக் கூடாது?" என்று கேட்டால், "பிடுங்கி ஓட்டினா அது அவன் குடுத்ததா ஆகாதே" என்பாள்.

2019இல் இந்தக் கதைக்கு ஒரு கெடு வந்தது. லோத்தரின் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அக்டோபரில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். இனி வண்டி தனக்கு ஒத்துவராது என்று அவனே முடிவு செய்து, அடுத்த ஊர் ஃபால்க் என்பவனுக்கு விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான். அதற்கு முன் கடைசியாக ஒரு பெரிய பயணம்: போர்ச்சுகலின் ரோகா முனை. ஐரோப்பாக் கண்டம் மேற்கே அங்கேதான் முடிகிறது. ஒரு காலத்தில் மேற்கே எட்டிப் பார்க்கக்கூட விடாத எங்களுக்கு அது சாதாரண இடமில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பின்னறையில் அன்னரோஸ் காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். இந்தப் பயணத்தில் ஓட்டவில்லை என்றால் பிறகு என்றைக்கும் இல்லை, வண்டியே இருக்காது என்றாள். இந்தத் தடவை வரும்போது வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை, போகும்போதே கேட்கப் போகிறேன் என்றாள். அவள் குரலில் அப்படி ஓர் அவசரத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

கேட்டாள். பிரான்ஸ் தாண்டட்டும் என்றான். பிரான்ஸைத் தாண்டிய பிறகு, பிரனீஸ் மலை முடியட்டும் என்றான். மலை முடிந்து ஸ்பெயினின் நேர்ச்சாலைகள் வந்தன. மழை இல்லை, காற்று இல்லை, நெரிசல் இல்லை. எக்ஸ்த்ரெமதூரா வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் தங்கி, மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது மறுபடி கேட்டாள். வெயில் அதிகமாக இருக்கிறதே என்று அவன் சொன்னான். அவள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

இனி நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. கணவன் மனைவி விஷயத்தில் அது அபூர்வம்.

அவர்களுக்குள் சில சைகைகள் உண்டு. ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பேசும் கருவி ஒன்றை டோரீன் வாங்கிக் கொடுத்திருந்தாள். லோத்தர் அதை அலமாரியில் வைத்துவிட்டான். அவள் அவன் வலது தோளில் இரண்டு தட்டு தட்டினால், 'ஏறிவிட்டேன், கிளம்பு' என்று அர்த்தம். அவன் இடது கையைப் பின்னால் நீட்டினால் அவள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை அதில் வைப்பாள். அரைமணிக்கு ஒரு மிட்டாய். அது இல்லாமல் அவனுக்கு வண்டி ஓடாது.

அன்று பதினொரு மணி வாக்கில், கார்க் மரங்கள் நின்ற ஒரு வெட்டவெளியில், அன்னரோஸ் புதர் பக்கம் போய்வர வண்டியை நிறுத்தச் சொன்னாள். லோத்தர் சீட்டை விட்டு இறங்கவில்லை. அவள் திரும்பி வந்து ஹெல்மெட்டை மாட்டி, அவன் தோளைப் பிடித்து ஃபுட்ரெஸ்டில் ஒரு காலை வைத்தாள். அப்போது கக்கத்தில் இடுக்கியிருந்த கையுறை நழுவி விழுந்தது. தோளிலிருந்து கையை எடுத்து, மறுபடி ஊன்றி, இறங்கிக் குனிந்தாள். லோத்தருக்கு அது இரண்டு தட்டாகிவிட்டது. அவள் நிமிர்ந்தபோது வண்டி நூறு அடி தள்ளிப் போயிருந்தது. கத்தினாள். கேட்கவில்லை.

பின்னால் ஆள் இல்லாதது எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். அவள் ஐம்பத்தைந்து கிலோ. கட்டியிருந்த கூடாரமும் பைகளும் அதைவிட எடை. காலைச் சண்டைக்குப் பிறகு அவள் அவனைத் தொடாமல், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அரைமணி கழித்து அவன் கையைப் பின்னால் நீட்டினான். மிட்டாய் வரவில்லை. கோபம் இன்னும் தணியவில்லை என்று கையை இழுத்துக்கொண்டான். அவள் இல்லாததற்கும் அவள் கோபமாக இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாத நிலைக்கு அந்த மனிதன் வந்திருந்தான். இதைச் சொன்னபோது அவனே தலையில் கை வைத்துக்கொண்டான்.

அன்னரோஸ் சாலையோரம் தனியாக நின்றாள். கைப்பேசி வண்டியின் டேங்க் பையில். பிரிந்துவிட்டால் பிரிந்த இடத்திலேயே நிற்பது என்று அவர்களுக்குள் பேச்சு. எங்கள் மோட்டார் சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: சாலையோரத்தில் தரையில் ஹெல்மெட்டை வைத்தால் உதவி வேண்டும் என்று பொருள், பார்க்கிற எந்த ஓட்டியும் நிற்காமல் போகமாட்டான். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு மர நிழலில் உட்கார்ந்தாள்.

இருபது நிமிடத்தில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் பிலார் என்ற ஐம்பது வயதுக்காரி, கிராமம் கிராமமாகப் போகும் செவிலி. அவளுடைய பெற்றோர் ஜெர்மனியில் கூலி வேலை பார்த்தவர்கள். பத்து வயது வரை அங்கே படித்திருக்கிறாள். உடைந்த ஜெர்மன் பேசினாள்.

"வண்டி எங்க?"

"போயிடுச்சு."

"யாரு எடுத்துட்டுப் போனா?"

"என் புருஷன்."

பிலார் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள், "சண்டையா?"

"சண்டை காலையில. இது வேற."

விஷயத்தைக் கேட்டதும் பிலார் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்னரோஸும் சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போனதற்கு அழவில்லை என்று என்னிடம் சொன்னாள். ரோகா முனைக்கு இன்னும் ஒன்றரை நாள்தான் இருக்கிறது, இனி கேட்கவும் தன்னால் முடியாது என்று தோன்றியதாம். முப்பத்தெட்டு வருடக் கதையை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மர நிழலில் கொட்டிவிட்டாள். அன்றைக்கு வீட்டு விசிட் எல்லாம் முடிந்துவிட்டது, உன் புருஷன் வரும்வரை இருக்கிறேன் என்று பிலார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் போனது. பேச்சு ஓய்ந்தபோதெல்லாம் அன்னரோஸின் கண் சிவப்பு வண்டிக்கே போய்க்கொண்டிருந்தது. பிலார் அதைக் கவனித்துவிட்டாள். எழுந்து சாவியை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"அந்த வளைவு வரைக்கும் போயிட்டு வாங்க."

"உங்களுக்கு என்னைத் தெரியாதே."

"உங்க புருஷனுக்குத்தான் தெரியும். அவர் என்ன பண்ணாரு?"

தன் ஹெல்மெட் தரையில் அப்படியே இருக்கட்டும், அதைப் பார்த்தால்தான் லோத்தர் நிற்பான் என்று அன்னரோஸ் பிலாரின் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். முதல் கியரில் வண்டி இரண்டு தடவை நின்றுவிட்டது. மூன்றாவது தடவை கிளட்சை விட்டபோது நகர்ந்தது. நூறு மீட்டர் போவதற்குள் கை, கால், இடுப்பு எல்லாவற்றுக்கும் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. வளைவு வந்தது. அங்கே நின்று திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

அடுத்த வளைவில் எதிரே நீல வண்டி வந்தது.

அவள் தூரத்திலேயே தெரிந்துகொண்டாள். நிறுத்தத்தான் நினைத்தாளாம். அதற்குள் லோத்தர் இடது கையைத் தாழ்த்தி நீட்டினான். எதிரே வரும் எந்த ஓட்டிக்கும் நாங்கள் எல்லோரும் செய்யும் வணக்கம் அது. அவள் இடது கையும் தானாகவே நீண்டது. இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனார்கள்.

லோத்தர் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். நிற்கும் ஒரு பெண்ணைத்தான் அவன் தேடினான். ஓட்டிக்கொண்டு வரும் பெண்ணைத் தேடவில்லை. கொஞ்ச தூரத்தில் தரையில் கிடந்த ஹெல்மெட் தெரிந்தது. அன்னரோஸின் வெள்ளை ஹெல்மெட், பக்கத்தில் அந்நியப் பெண் ஒருத்தி, அன்னரோஸ் இல்லை. சைடு ஸ்டாண்டைத் தள்ளாமலே இறங்கினான். வண்டி சாமான்களோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, அவளுக்கு என்ன ஆயிற்று, எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டுக்கொண்டே நின்றான். பிலாருக்கு அந்த அவசர ஜெர்மன் புரியவில்லை. சாலையை மட்டும் கைகாட்டினாள்.

சிவப்பு வண்டி வளைவில் சாய்ந்து, நிமிர்ந்து, வேகம் குறைந்து அவர்கள் முன்னால் வந்து நின்றது. அன்னரோஸ் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

லோத்தர் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வழியில வந்தது நீயா?"

"நான்தான்."

"நான் கை காட்டினேன்."

"நானும் காட்டினேனே."

"யாரோ நல்லா ஓட்டுறாங்களேன்னு நெனச்சேன்." அவன் கையிலிருந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பதற்றத்துலயும் அப்படித்தான் தோணுச்சு."

எவ்வளவு தூரம் போனாய் என்று அன்னரோஸ் கேட்டாள். எழுபது கிலோமீட்டர் என்றான். மிட்டாய் வராததும் உனக்குக் கோபம் என்று நினைத்தேன், அதற்கப்புறம் வழி நெடுக ஹெல்மெட்டுக்குள்ளேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனேன் என்றான். "நாளைலருந்து நீதான் ஓட்டணும்னு சொன்னேன். நீ பதில் சொல்லல. சரி, முகத்தப் பாத்துச் சொல்லுவோம்னு நிறுத்தித் திரும்பினேன். சீட்டு காலியா இருந்துச்சு."

"முப்பத்தெட்டு வருஷமா சொல்லாம, நான் இல்லாதப்பவா சொல்லணும்?"

அவன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். பிறகு மழை, வெயில், காற்று என்று எதையும் இழுக்காமல், பள்ளிக் காலத்திலிருந்து நான் அவன் வாயால் ஒரு தடவைகூடக் கேட்டிராத ஓர் உண்மையைச் சொன்னான்.

"அந்தப் பந்தயத்துல நீ ரெண்டாவது, நான் ஏழாவது. நீ ஒரு தடவ முன்னாடி உக்காந்துட்டா எனக்கு அந்த எடம் திரும்பக் கெடைக்காதுன்னு தெரியும்."

அன்னரோஸ் அவனையே பார்த்தாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றாள்.

இதை அவள் பின்னறையில் என்னிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் எழுந்து ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள்.

மூன்று பேருமாக நீல வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். லோத்தர் சாவியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். பின்சீட்டில் ஏற அவன் பட்ட பாட்டைப் பார்த்துப் பிலார் மறுபடி மரத்தைப் பிடித்துக்கொண்டாளாம். முதல் பத்து கிலோமீட்டர் ரொம்ப மோசம். ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்பக்கம் சாய்ந்தான், இல்லாத பிரேக்கை மிதித்தான். அன்னரோஸ் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"நீ ஓட்டாத. உருளைக்கெழங்கு மூட்ட மாதிரி உக்காரு. மிச்சத்த வண்டி பாத்துக்கும்."

"எனக்கு எதுவும் தெரியல. உன் ஹெல்மெட்டு மட்டுந்தான் தெரியுது."

"ஆமா, அதுதான் தெரியும்" என்றாள் அன்னரோஸ்.

அதற்குப் பிறகு அவன் மூட்டை மாதிரியே உட்கார்ந்து வந்தான். அரைமணி போனது. அவள் இடது கையைப் பின்னால் நீட்டினாள். மிட்டாய் எந்தப் பையில் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. ஜாக்கெட், பக்கத்துப் பை, தன் பை என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இன்னும் ஐந்து கிலோமீட்டர் போயிருந்தது. கை நீண்டபடியே இருந்தது. கடைசியில் வைத்தான்.

ரோகா முனையில் காற்று ஆளைத் தள்ளியதாம். அங்கே எடுத்த படத்தைப் பேக்கரிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறோம். அன்னரோஸ் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், லோத்தர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். திரும்பும் நாள் காலையில் அவள் பழைய ஏற்பாட்டுப்படி சாவியை அவனிடம் நீட்டியிருக்கிறாள். போகும்போது கொஞ்சமாவது தான் ஓட்டியாயிற்று, கணக்குப்படி இது அவன் முறைதான் என்றாளாம். அவன் வாங்காமல் பின்சீட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான். மூவாயிரம் கிலோமீட்டர், ஊர் வரைக்கும் அவளே ஓட்டினாள்.

அக்டோபரில் லோத்தருக்கு மூட்டு மாற்றினார்கள். அவன் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த வாரமே ஃபால்க் டிரெய்லரோடு வந்து நின்றான், வண்டியை ஏற்றிக்கொண்டு போக. நான் அப்போது சூப் கொண்டுபோயிருந்தேன். லோத்தர் ஜன்னலைத் திறந்து, "வாக்குக் குடுத்தது நான்தான், என்னத் திட்டிக்கோ. ஆனா வண்டி என்னுது இல்ல. ஓட்டுறவ கடையில இருக்கா, அவளப் போய்க் கேளு" என்றான். ஃபால்க் போய்க் கேட்டான். அன்னரோஸ் அவனுக்கு இரண்டு கேக் துண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, வெறும் டிரெய்லரோடு அனுப்பினாள்.

இந்த ஜூனில் இருவரும் மறுபடி கருங்கடலுக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப நான் வாசலில் நின்றேன். லோத்தர் ஒரு படிக்கட்டில் நின்று, முனகிக்கொண்டே பின்சீட்டில் ஏறினான். ஏறியதும் அவள் வலது தோளில் இரண்டு தட்டு தட்டினான். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் கிளம்பவில்லை. தலையை முழுக்கத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். அவன் இருந்தான். அப்புறம்தான் கிளட்சை விட்டாள்.